பிணை வைக்கும் டோக்கனும் பூட்டி வைக்கும் என்எப்டியும்

வாசகர் கடிதம்: “நான் உவர்மலையில் வசிக்கும் பாடசாலை ஆசிரியை. ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி சென்ற ஆண்டு எதீரியம் என்ற வலையமைப்பின் மெய்நிகர் நாணயமான ஈதரில் 2 ஐ அன்பளிப்பாக அனுப்பி, கைத்தொலைபேசியில் அதை வைத்திருப்பதற்கான வொலட் என்ற செயலியையும் அமைத்துத் தந்தார். அதை ஸ்டேக்கிங் செய்தால், அதாவது பிணையாக வைத்தால், வலையமைப்பின் பாதுகாப்புக்கும் உதவும், சிறிது வருமானமும் வரும் என்கிறார். என் கணவரின் நண்பர் ஒருவரோ வேறொரு புதிய வலையமைப்பைச் சொல்கிறார். 300 டொலருக்கு ஒரு என்எப்டி (தனித்துவமான மின்னணு உடைமைச் சான்று) வாங்கி, அவர்களுடைய நாணயமான டோக்கனையும் சேர்த்து 180 நாட்களுக்குப் பூட்டி வைத்தால், வலையமைப்பைக் காப்பதற்கான கொடுப்பனவாக மாதம் 12 சதவீதம் கிடைக்குமாம். இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் மேலும் 10 சதவீதமாம். விரைவில் முதிர்வடையும் 8 இலட்சம் ரூபா நிலையான வைப்பை இதில் போடலாமா? திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் என் மகன், இந்தப் பாதுகாப்பு வேலையை வீட்டுக் கணினியிலேயே செய்யலாம் என்கிறான். மின்வெட்டு வருகிற இடத்தில் அது சரிவருமா? நண்பரிடம் ரூபாவாகப் பணம் கொடுத்து ஒரு என்எப்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். அவர்களுடைய இணையத்தளத்தில் என் வொலட்டை இணைத்து, கேட்ட இடங்களில் ஒப்புதலும் கொடுத்தேன்.”

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் ஒப்புதல் கொடுத்த வொலட்டிலேயே தம்பி தந்த ஈதரும் இருக்குமானால், மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் புதிய வொலட் ஒன்றை, அதைத் திறக்க உதவும் புதிய மீட்புச் சொற்களுடன் உருவாக்கி, ஈதரை அதற்கு மாற்றிவிடுங்கள். என்எப்டியைப் பூட்டுவதற்காக இத்தளங்கள் கேட்கும் ஒப்புதல் பெரும்பாலும் அந்த ஒரு என்எப்டிக்கு மட்டுமானதாக இருப்பதில்லை; அந்தத் தொகுப்பைச் சேர்ந்த, உங்களிடம் இப்போது இருப்பதும் இனி வருவதுமான எல்லா என்எப்டிகளையும் அவர்களுடைய ஒப்பந்தம் (வலையமைப்பில் தானாக இயங்கும் நிரல்) நகர்த்தலாம் என்ற பொது அனுமதியாகவே அது எழுதப்பட்டிருக்கும். டோக்கன்களுக்கும் இதே வகையில் வரம்பில்லாத அனுமதி கேட்பது வழக்கம். ஈதரை இத்தகைய சாதாரண அனுமதியைக் கொண்டு எடுத்துவிட முடியாது என்பது ஓர் ஆறுதல். ஆயினும் 2025 மே மாத மேம்படுத்தலுக்குப் பின் எதீரியத்தில் ஒரு கணக்கின் கட்டுப்பாட்டையே ஒப்பந்தம் ஒன்றிடம் ஒப்படைக்கும் கையொப்பமும் சாத்தியமாகியிருக்கிறது. நீங்கள் எதற்கு ஒப்புதல் கொடுத்தீர்கள் என்று உங்களுக்கே தெளிவில்லாத நிலையில், பழைய வொலட்டை நம்பி இருப்பது முறையல்ல. ஈதரை மாற்றிய பின், உங்கள் பழைய முகவரி எந்தெந்த ஒப்பந்தங்களுக்கு அனுமதி வழங்கியிருக்கிறது என்பதை எதீரியத்தின் பதிவுகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் போன்ற தளத்தில் பார்த்து, ஒவ்வொன்றாக நீக்கிவிடலாம். நண்பர் சொல்லும் வலையமைப்பு எதீரியத்துக்கு வெளியே தனியாக இயங்குவதாக இருந்தால், அதற்குரிய தளத்தில் இதே தேடலைச் செய்ய வேண்டும்.

நிலையான வைப்பைப் பற்றிய கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: அதிலிருந்து ஒரு ரூபாவையேனும் இத்திட்டத்துக்குக் கொடுக்க வேண்டாம். இந்தப் பதிலை நீங்கள் என் சொல்லுக்காக ஏற்க வேண்டியதில்லை. ஸ்டேக்கிங் என்ற ஏற்பாடு உண்மையில் எப்படி இயங்குகிறது என்று விளங்கிக்கொண்டால், நண்பர் சொல்லும் திட்டம் எந்த இடத்தில் அதிலிருந்து விலகுகிறது என்பது உங்களுக்கே தெரியவரும். பிளாக்செயின் வலையமைப்புகளில் சரிபார்ப்புக் கணினிகளைப் பராமரிப்பதே என் தொழில் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிளாக்செயின் என்பது, யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு சென்றது என்ற ஒரே பதிவேட்டை, ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கான கணினிகள் வைத்திருக்கும் ஏற்பாடு. அடுத்த பக்கத்தை யார் எழுதுவது, எழுதியது சரியா என்பதை யார் சொல்வது என்ற கேள்விக்கு, 2009 இல் இயங்கத் தொடங்கிய பிட்கொயின் மின்சாரத்தை விடையாக்கியது. கடினமான கணக்கொன்றைத் தீர்க்கப் பெருமளவு மின்சாரத்தைச் செலவிட்டவருக்கே எழுதும் உரிமை கிடைக்கும். பொய்யை எழுதினால் அந்தச் செலவு வீணாகும். மின்சாரத்துக்குப் பதிலாக நாணயத்தையே பிணையாக வைக்கலாம் என்ற முறை 2012 இல் பியர்கொயின் என்ற நாணயத்தின் மூலம் நடைமுறைக்கு வந்தது. எதீரியம் 2022 செப்டெம்பர் 15 ஆம் திகதி அம்முறைக்கு முழுமையாக மாறியபோது, அதன் மின்சாரப் பாவனை 99.9 சதவீதத்துக்கும் மேலாகக் குறைந்தது.

வங்கிக் கடனுக்குப் பிணை நிற்பது எப்படிப்பட்டது என்பது அரச ஊழியரான உங்களுக்குத் தெரியும். சக ஆசிரியர் ஒருவர் கடனைக் கட்டத் தவறினால், பிணை நின்றவரின் சம்பளத்தில் கை வைக்கப்படும். அந்தப் பயம் இருப்பதனாலேயே பிணைக்கு மதிப்பு இருக்கிறது. ஸ்டேக்கிங்கிலும் அதுவே நடக்கிறது. வேறுபாடு என்னவென்றால், இங்கே பிணைத் தொகை முன்கூட்டியே வலையமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. தவறு நடந்தால் நீதிமன்றமும் கடிதப் போக்குவரத்தும் இல்லாமல் அது தானாகவே கழிக்கப்படுகிறது.

எதீரியத்தில் பதிவேட்டை எழுதிச் சரிபார்க்கும் ஒரு சரிபார்ப்பாளர் குறைந்தது 32 ஈதரைப் பிணையாக வைக்க வேண்டும். 12 விநாடிகளுக்கு ஒரு முறை, குலுக்கலில் தெரிவாகும் ஒரு சரிபார்ப்பாளர் பதிவேட்டின் அடுத்த பக்கமான தொகுதியை முன்மொழிவார். அத்தகைய 32 சந்தர்ப்பங்கள் சேர்ந்த 6.4 நிமிடச் சுற்று ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு சரிபார்ப்பாளரும் ஒரு தடவை தாம் கண்ட பதிவேட்டின் நிலைக்கு வாக்களிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 225 வாக்குகள் வருகின்றன. பிணை வைக்கப்பட்ட ஈதரில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நிலைக்கு வாக்களித்து, அடுத்த சுற்றும் அதை உறுதிசெய்துவிட்டால், சுமார் 13 நிமிடங்களில் அந்தப் பதிவு இறுதியானதாகிறது. அதை அதன்பின் மாற்றியெழுத முனைபவர்கள், வைக்கப்பட்ட மொத்தப் பிணையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை இழக்க நேரிடும். இப்போது எதீரியத்தில் 3 கோடி ஈதருக்கும் மேல் பிணையில் இருப்பதால், அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது ஒரு கோடி ஈதருக்கும் அதிகம். ‘வலையமைப்பைப் பாதுகாத்தல்’ என்று சொல்லப்படுவதன் முழுப் பொருளும் இந்த இழப்பின் அளவில்தான் அடங்கியிருக்கிறது.

வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதும் மறைவான விடயமல்ல. சரியாக வாக்களிப்போருக்கு வலையமைப்பு புதிதாக ஈதரை வெளியிட்டுக் கொடுக்கிறது. தொகுதியை முன்மொழிபவருக்குப் பாவனையாளர்கள் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதியும் சேர்கிறது. இவை எல்லாம் சேர்ந்தும் அண்மைய ஆண்டுகளில் எதீரியத்தின் வருமானம் ஆண்டுக்கு 3 சதவீதத்தை ஒட்டியே இருந்து வருகிறது. மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. உலகில் மிக அதிக பிணை வைக்கப்பட்டிருக்கும் ஸ்டேக்கிங் வலையமைப்பே இவ்வளவுதான் கொடுக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு, நண்பரின் 12 சதவீதத்தை அடுத்துப் பார்ப்போம்.

மாதம் 12 சதவீதம் கூட்டு வீதத்தில் வளர்ந்தால், ஒரு இலட்சம் ரூபா ஓராண்டில் ஏறத்தாழ 3 இலட்சத்து 90 ஆயிரமாகும். அந்தக் கொடுப்பனவு அவர்களுடைய சொந்த டோக்கனிலேயே தரப்படுவதாக இருந்தால், அது வெளியிலிருந்து வந்த பணமல்ல; புதிதாக வெளியிடப்பட்ட டோக்கன். எல்லோரும் தங்களுடைய டோக்கனைப் பூட்டி வைத்து, எல்லோருக்கும் அதே வீதத்தில் புதியவை கிடைத்தால், ஒவ்வொருவரிடமும் உள்ள எண்ணிக்கை நான்கு மடங்கை நெருங்கும், ஆனால் மொத்தத்தில் ஒருவருக்குரிய பங்கு மாறவே மாறாது. பூட்டி வைக்காதவர்களின் பங்கு கரைந்து பூட்டியவர்களிடம் சேர்வதும், புதிதாக வாங்க வருபவரின் பணம் விற்றுவிட்டு வெளியேறுபவரிடம் போவதுமே அங்கே நடக்கும். நேர்மையாக இயங்கும் வலையமைப்புகளிலேயே இது விவாதத்துக்குரிய விடயமாக இருந்திருக்கிறது. ஸ்டேக்கிங் முறையில் இயங்கும் இன்னொரு வலையமைப்பான கொஸ்மொஸில் பிணை வைத்தோருக்குக் கொடுப்பதற்காக ஆண்டுக்கு 20 சதவீதம் வரை புதிய டோக்கன் வெளியிட இடமிருந்தது; அது டோக்கனின் மதிப்பைக் கரைக்கிறது என்று வாதிட்டு, 2023 நவம்பரில் உரிமையாளர்களே வாக்களித்து அந்த உச்சத்தை 10 சதவீதமாகக் குறைத்தார்கள்.

இனி, பிணை எப்படி இழக்கப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். உங்கள் மகனைப் பற்றிய கேள்விக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு வகைத் தவறுகளை எதீரியம் வெவ்வேறாக நடத்துகிறது. கணினி நின்றுபோய் வாக்களிக்கத் தவறினால், அந்த நேரத்தில் கிடைத்திருக்கக்கூடிய வருமானத்துக்கு ஏறக்குறைய ஒப்பான சிறு தொகை கழிக்கப்படும். ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாக்குகளையோ இரண்டு தொகுதிகளையோ ஒப்பமிட்டு வெளியிட்டால், அது ஏமாற்று முயற்சியாகவே கொள்ளப்படும். அதற்குரிய தண்டனையான ஸ்லாஷிங்கில் பிணையின் ஒரு பகுதி உடனே கழிக்கப்பட்டு, சரிபார்ப்பாளர் வெளியேற்றப்பட்டு, மீதித் தொகை சுமார் 36 நாட்களுக்குத் தடுத்து வைக்கப்படும். அதே காலப்பகுதியில் வேறு பலரும் அதே தவறைச் செய்திருந்தால், அது கூட்டுத் தாக்குதலாகக் கருதப்பட்டு கழிவு பெருகும். முழுப் பிணையையும் இழக்கும் நிலைகூட உண்டு.

ஆகவே மின்வெட்டு நீங்கள் நினைக்குமளவு பயங்கரமானதல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அப்படியொரு காலத்தில் அந்த வேலை வருமானம் தராது என்பது உண்மைதான். ஆனால் பிணையை அழித்துவிடவும் மாட்டாது. அந்த மின்வெட்டுக்குப் பயந்து எடுக்கும் முன்னேற்பாடே ஆபத்தானது. ஒரு கணினி உவர்மலையில் இருக்கட்டும், மின்சாரம் போனால் கைகொடுக்க இன்னொன்றை நிலாவெளியில் நண்பன் வீட்டில் வைப்போம் என்று எண்ணி, வாக்குகளை ஒப்பமிடும் ஒரே இரகசியச் சாவியை இரண்டிலும் ஏற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால் ஒரே சரிபார்ப்பாளரின் பெயரில் இரட்டை வாக்குகள் போகும். ஸ்லாஷிங்குக்கு ஆளானவர்களில் பலர் களவு செய்ய முனைந்தவர்கள் அல்லர். இப்படி அதிகக் கவனமெடுத்தவர்கள்தான். நின்றுபோன கணினி மன்னிக்கப்படும், இரட்டித்த கணினி மன்னிக்கப்படாது என்பதை மகன் முதலில் படித்துக்கொள்ளட்டும்.

உங்களிடம் இருப்பது 2 ஈதர். தனிச் சரிபார்ப்பாளராக இயங்க 32 வேண்டும். ஆனாலும் மகனுடைய ஆர்வத்தை நிறுத்த வேண்டியதில்லை. எதீரியத்தின் சரிபார்ப்பாளர்கள் பயிற்சி பெறுவதற்காகவே ஹூடி என்ற சோதனை வலையமைப்பு 2025 மார்ச்சில் தொடங்கப்பட்டது. அங்கே பாவிக்கப்படும் ஈதருக்குப் பணப்பெறுமதி இல்லை. மென்பொருளும் விதிகளும் ஸ்லாஷிங்கும் மட்டும் உண்மையானவை. உண்மை வலையமைப்புக்கு 2 முதல் 4 டெராபைட் வேகமான சேமிப்பகம் தேவைப்படும். சோதனை வலையமைப்புக்கு அதைவிடக் குறைவானதே போதும். அங்கே ஆறு மாதம் ஒரு சரிபார்ப்பாளரை ஒழுங்காக நடத்திக் காட்டிய மாணவருக்கு, அந்த அனுபவம் இத்துறையில் வேலை தேடும்போது சான்றிதழுக்குச் சமமாகவே மதிக்கப்படும் என்று உறுதியாகச் சொல்வேன்.

32 ஈதர் இல்லாதவர்கள் இந்தப் பாதுகாப்பில் பங்குபெறும் வழிகளும் உண்டு. கொஸ்மொஸ், பொல்கடொட், சொலானா போன்ற வலையமைப்புகளில் நீங்களே சரிபார்ப்பாளர் ஆகாமல், நம்பும் ஒருவருக்கு உங்கள் டோக்கனின் பலத்தை ஒப்படைக்கலாம். டோக்கன் அவருடைய கைக்குப் போவதில்லை; ஆனால் அவருடைய தவறு உங்களையும் பாதிக்கும். கொஸ்மொஸில் ஒரு சரிபார்ப்பாளர் இரட்டை ஒப்பமிட்டால், அவரிடம் பலத்தை ஒப்படைத்த எல்லோருடைய பிணையிலும் 5 சதவீதம் கழிக்கப்படும். நீண்ட நேரம் கணினி நின்றுபோனால் 0.01 சதவீதம். கார்டானோவில் இப்படிக் கழிப்பதும் இல்லை, பூட்டுக் காலமும் இல்லை. எதீரியத்தில் லீடோ, ரொக்கெட் பூல் போன்ற கூட்டு ஏற்பாடுகள் சிறு தொகைகளைச் சேர்த்துச் சரிபார்ப்பாளர்களிடம் கொடுத்து, உங்கள் பங்குக்கு அத்தாட்சியாக வேறொரு டோக்கனைத் தருகின்றன. அந்த அத்தாட்சி எந்நேரமும் ஈதருக்குச் சமமாக விலைபோகும் என்று எண்ணிவிடக் கூடாது. 2022 ஜூனில் சந்தை நெருக்கடி வந்தபோது லீடோவின் அத்தாட்சி டோக்கன் ஈதரைவிட 5 சதவீதமளவு குறைந்த விலைக்கே விற்கப்பட்டது. அதே மாதத்தில், வாடிக்கையாளரின் நாணயங்களைப் பெற்று வட்டி கொடுத்துவந்த செல்சியஸ் நிறுவனம் மீளப்பெறுதலை நிறுத்தி, அடுத்த மாதமே வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. பணத்தை நிறுவனம் ஒன்றின் கையில் கொடுத்துவிட்டு அதை ஸ்டேக்கிங் என்று எண்ணிக்கொண்டிருப்பதற்கும், வலையமைப்பிலேயே நேரடியாகப் பிணை வைப்பதற்கும் உள்ள தூரம் அப்போது பலருக்குத் தெரிந்தது.

பூட்டுக் காலம் என்பதைப் பலர் வெறும் காத்திருப்பு என்று எண்ணுகிறார்கள். அது பாதுகாப்புக்காகவே வைக்கப்பட்டது: தவறு செய்தவர் அது கண்டுபிடிக்கப்படும் முன் பிணையை எடுத்துக்கொண்டு போய்விடாதிருக்க வேண்டும். கொஸ்மொஸில் 21 நாட்கள், பொல்கடொட்டில் நெடுங்காலம் 28 நாட்கள் என்று அமைந்திருந்ததன் காரணம் இதுவே. எதீரியத்தில் நிலையான நாட்கணக்கு இல்லை. வெளியேறுவோர் வரிசையின் நீளத்தைப் பொறுத்தது. 2025 செப்டெம்பரில் அந்த வரிசை 40 நாட்களையும் தாண்டியது. இந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடுமையாகலாம் என்பதற்கு டெரா வலையமைப்பின் லூனா டோக்கனே சாட்சி. 2022 ஏப்ரலில் 100 டொலரைத் தாண்டியிருந்த லூனா, மே மாதத்தில் ஒரு வாரத்துக்குள் ஒரு சதத்துக்கும் கீழே போனது. பிணை வைத்திருந்தவர்கள் 21 நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்ததால், விலை சரிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்களேயன்றி விற்க முடியவில்லை. அவர்களுடைய பிணையில் ஒரு சதவீதமும் கழிக்கப்படவில்லை. பிணைப் பொருளின் பெறுமதியே அழிந்துபோனது. உங்கள் நண்பரின் 180 நாட்கள் இவை எல்லாவற்றையும்விடப் பல மடங்கு நீண்டவை. எந்தப் பாதுகாப்புத் தேவைக்காக அத்தனை நாட்கள் என்று அவரிடம் நீங்கள் கேட்க வேண்டும். நீங்கள் விற்றுவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது என்எப்டிக்கு வருவோம். உங்கள் கேள்விகளில் மிகவும் சிக்கலானது இதுவே, ஏனெனில் ஒரே பெயரில் மூன்று வேறுபட்ட ஏற்பாடுகள் நடமாடுகின்றன. மூன்றையும் விற்பவர்கள் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லைச் சொல்கிறார்கள்.

முதலாவதில் என்எப்டி வெறும் பற்றுச்சீட்டு. பொலிகன் வலையமைப்பில் ஒவ்வொரு சரிபார்ப்பாளரின் இடமும் எதீரியத்தில் ஒரு என்எப்டியாகப் பதியப்பட்டிருக்கிறது. லீடோவில் ஈதரைத் திரும்பக் கேட்பவருக்கும், வரிசையில் அவருடைய இடத்தைக் காட்டும் என்எப்டி ஒன்று தரப்படுகிறது. பிணை வேறெங்கோ உண்மையாக இருக்கிறது. அது யாருக்குரியது என்பதை என்எப்டி சொல்கிறது. இதில் குறை எதுவும் இல்லை, தனி வருமானமும் இல்லை.

இரண்டாவதில் என்எப்டி ஒரு வேலைக்கான அனுமதிப்பத்திரம். ஸாய் என்ற விளையாட்டு வலையமைப்பு 2023 இறுதியில் இத்தகைய சாவிகளை என்எப்டியாக விற்றது. சாவியை வைத்திருப்பவர் தம் கணினியில் ஒரு மென்பொருளை இயக்கி, வலையமைப்பின் பதிவுகள் சரியானவையா என்று கண்காணித்து அறிவிக்க வேண்டும். அதற்கு டோக்கன் கொடுக்கப்படும். இங்கே ஒரு வேலை நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பொய் சொன்னால் இழப்பதற்கு எதீரியச் சரிபார்ப்பாளருக்கு இருப்பது போன்ற பிணை சாவிக்காரரிடம் இருக்கிறதா என்பதும், சாவி வாங்கிய பணம் எங்கே போனது என்பதும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள். அனுமதிப்பத்திரத்தின் விலை விற்றவருக்குப் போய்விடும்; பிணையோ வலையமைப்பில் நின்று உங்களுக்கே திரும்பி வரும். இரண்டையும் ஒன்றாக எண்ணி முதலீடு செய்பவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள்.

மூன்றாவது வகையே மிகப் பரவலானது. ஒரு படத்தை அல்லது அட்டையை ஒப்பந்தமொன்றில் பூட்டுகிறீர்கள், அல்லது அதனுடன் இணைத்து டோக்கனைப் பூட்டுகிறீர்கள். பூட்டிய நாட்களுக்கு ஏற்ப டோக்கன் வருகிறது. உலகறிந்த எடுத்துக்காட்டு ஏப்கொயின். 2022 டிசம்பரில் தொடங்கிய அதன் ஸ்டேக்கிங்கில், போர்ட் ஏப் என்ற குரங்குப் பட என்எப்டி உள்ளவர்கள் அதனுடன் இணைத்து ஏப்கொயினைப் பூட்டி மேலதிக டோக்கன் பெற்றார்கள். அதற்காக முன்கூட்டியே 17.5 கோடி ஏப்கொயின் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அந்த டோக்கனும் என்எப்டியும் இயங்கிய எதீரியத்தை ஈதரைப் பிணை வைத்தவர்கள்தான் காத்தார்கள். அப்படி இணைக்கப்பட்ட ஒரு குரங்குப் படமும் ஒரு தொகுதியைக்கூடச் சரிபார்க்கவில்லை. எத்தனை நாளைக்கு எவ்வளவு என்று ஒதுக்கீடு வெளிப்படையாக இருந்ததால், அது ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். பாதுகாப்பு அல்ல என்று மட்டும் சொல்கிறேன். அதிலும் ஒரு நுணுக்கத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்: என்எப்டியுடன் இணைத்துப் பூட்டிய ஏப்கொயினை எடுக்கும் உரிமை என்எப்டி யாரிடம் இருக்கிறதோ அவருக்கே இருந்தது. டோக்கனை எடுக்க மறந்து படத்தை விற்றவர், டோக்கனையும் சேர்த்தே கொடுத்தவரானார். உங்கள் நண்பரின் திட்டத்திலும் என்எப்டியோடு டோக்கன் இணைக்கப்படுவதால், இந்த விதி அங்கே எப்படி என்பது முக்கியம்.

நண்பர் சொல்வது இந்த மூன்றில் எது என்று அறிய, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஒரு கேள்வி போதும்: நான் பூட்டி வைக்கும் பொருளின் பெயரில் எந்தக் கணினி எந்த வேலையைச் செய்கிறது, அது பிழைவிட்டால் என்னிடமிருந்து எவ்வளவு கழிக்கப்படும்? ‘எதுவும் கழிக்கப்படாது, ஆபத்தே இல்லை’ என்று பதில் வருமானால், நீங்கள் எதையும் பாதுகாக்கவில்லை. யாரென்று தெரியாத ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். இழக்க முடியாத பிணை யாரையும் நேர்மையாக வைத்திருக்காது. விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் அந்த ‘ஆபத்தில்லை’ என்ற உறுதிமொழியே, பாதுகாப்பு இல்லை என்பதற்கான வாக்குமூலமாகிவிடுகிறது.

சரிபார்ப்பாளர்கள் உண்மையில் இருந்தாலும், எத்தனை பேர் என்பதையும் பார்க்க வேண்டும். எக்ஸி இன்பினிட்டி விளையாட்டுக்காக அமைக்கப்பட்ட ரொனின் வலையமைப்பில் 2022 மார்ச்சில் 9 சரிபார்ப்பாளர்களே இருந்தார்கள். பணத்தை வெளியே அனுப்ப அவர்களில் 5 பேரின் ஒப்பம் போதுமாயிருந்தது. அந்த ஐந்து சாவிகளையும் கைப்பற்றியவர்கள் 1,73,600 ஈதரையும் 2.55 கோடி டொலர் பெறுமதியான, டொலருக்கு இணையான யுஎஸ்டிசி டோக்கனையும் எடுத்துச் சென்றார்கள். களவு நடந்து ஆறு நாட்களுக்குப் பின்னரே அது கவனிக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் விளையாடிய ஒரு வலையமைப்பின் பாதுகாப்பு ஐந்து சாவிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. நண்பரின் புதிய வலையமைப்பில் சரிபார்ப்பாளர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அதைத் தொடங்கியவர்களுக்கே உரியவர்கள் என்பதைப் பொதுப் பதிவேட்டில் பார்க்க முடிய வேண்டும். பார்க்க இடமே இல்லையென்றால், அதையே பதிலாகக் கொள்ளலாம்.

இரண்டு பேரைச் சேர்த்தால் 10 சதவீதம் என்ற பகுதி எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. எதீரியமோ கொஸ்மொஸோ ஆள் சேர்ப்பதற்கு எதுவும் கொடுப்பதில்லை. ஒரு சரிபார்ப்பாளரின் வேலைக்கும் அவருடைய அயலவரின் பணத்துக்கும் தொடர்பு இல்லை. ஆள் சேர்ப்பதால் வருமானம் வரும் திட்டங்களை இலங்கையின் 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்கிறது. அத்தகைய திட்டத்தைத் தொடங்குவது மட்டுமல்ல, அதை ஊக்குவிப்பதும் அப்பிரிவின் கீழ் குற்றம். உங்கள் பாடசாலையில் உடன் கற்பிக்கும் ஒருவரையும், கிண்ணியாவிலோ மூதூரிலோ இருக்கும் ஓர் உறவினரையும் நீங்கள் சேர்த்துவிட்டால், திட்டம் சரியும் நாளில் அவர்கள் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். சட்டமும் உங்களை வெறும் பாதிக்கப்பட்டவராக மட்டும் பார்க்காமல் போகலாம். தயவுசெய்து ஒருவரிடமும் இதைச் சொல்லிச் சேர்க்க வேண்டாம்.

மெய்நிகர் நாணயங்கள் பற்றி இலங்கை மத்திய வங்கி பல தடவை பொது அறிவித்தல் விடுத்திருக்கிறது. 2022 ஜூலையில் விடுத்ததில், இத்தகைய நாணயங்களை வழங்கவோ பரிமாறவோ எவருக்கும் தான் உரிமமளிக்கவில்லை என்பதை மீண்டும் சொன்னது. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021 இல் விடுக்கப்பட்ட பணிப்புரையின்படி, கடனட்டையையோ டெபிட் அட்டையையோ கொண்டு இவற்றுக்குப் பணம் செலுத்துவதற்கும் அனுமதியில்லை. தம்பி அன்பளிப்பாகத் தந்ததை வைத்திருப்பது ஒரு விடயம். இங்கிருந்து ரூபாவைக் கொடுத்து மேலும் வாங்குவது வேறு விடயம். இரண்டாவதில் இறங்குவதற்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள். உங்கள் 8 இலட்சத்துக்கு வங்கியில் இருக்கும் ஒரு காவலையும் இங்கே சொல்ல வேண்டும்: உரிமம் பெற்ற வங்கி முடங்கினால், இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரை ஈடு கிடைக்கும். உங்கள் தொகை முழுவதும் அதற்குள் அடங்குகிறது. வட்டி குறைந்துவிட்டது என்ற மனக்குறை எனக்கும் விளங்குகிறது. 2022 இல் ரூபா வீழ்ந்ததைப் பார்த்த எவருக்கும் டொலர் என்ற சொல்லின் மீது ஏற்படும் ஈர்ப்பும் விளங்குகிறது. அதற்காக அந்தக் காவலைக் கைவிடுவதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

தம்பியின் யோசனை நேர்மையானதே. அதைச் செய்வதா என்பது உங்கள் விருப்பம். என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். 2 ஈதருக்கு ஆண்டுக்கு 3 சதவீதம் என்பது 0.06 ஈதர். அதற்காக ஒரு கூட்டு ஏற்பாட்டின் ஒப்பந்தத்தில் பிழை இருக்கக்கூடிய ஆபத்தையும், அவசரத்துக்கு எடுக்க முடியாத நாட்களையும், அத்தாட்சி டோக்கனைக் கவனித்துக்கொள்ளும் வேலையையும் நீங்கள் ஏற்க வேண்டும். வொலட்டின் ஒப்புதல் பக்கங்களை வாசித்து விளங்கும் பழக்கம் வரும்வரை, ஈதரைப் புதிய வொலட்டில் சும்மா வைத்திருங்கள். மீட்புச் சொற்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைக்காமல் காகிதத்தில் எழுதி, வீட்டுக்கு வெளியே இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். சில மாதங்களின் பின் மகனும் ஹூடியில் பழகியிருப்பார். அப்போது அரை ஈதரைக் கொண்டு தொடங்கி, ஒரு முறை திரும்ப எடுத்தும் பார்த்த பின்னர் மீதியைப் பற்றி முடிவெடுக்கலாம். விலை பாதியாகக் குறைந்தாலும் வீட்டுச் செலவு தடைப்படாது என்ற நிலை இருந்தால் மட்டுமே இதுவும் பொருந்தும்.

ஏற்கெனவே வாங்கிய 300 டொலர் என்எப்டியைப் பொறுத்தவரை, அது இன்னும் பூட்டப்படவில்லையென்றால் பூட்ட வேண்டாம். பூட்டப்பட்டுவிட்டதென்றால், அதை மீட்பதற்கென்று மேலும் பணம் கட்டச் சொல்லும் எந்தச் செய்திக்கும் பணிய வேண்டாம். வரி, திறப்புக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் என் பதில் ஒன்றே. நண்பருக்குக் கொடுத்த பணத்துக்கு எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய குறுஞ்செய்திகளையும் அழிக்க வேண்டாம். அவரும் வேறொருவரை நம்பி இறங்கியவராக இருக்கலாம் என்பதால், இக்கடிதத்தை அவருக்கும் காட்டலாம்.

அந்தத் திட்டத்தின் ஒப்பந்த முகவரியையும் அதன் இணையத்தள முகவரியையும் எனக்கு எழுதி அனுப்பினால், பூட்டப்பட்ட பொருளை நகர்த்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, ஒப்பந்தத்தை அவர்கள் தாமாகவே மாற்றியெழுத முடியுமா என்பவற்றைப் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு உங்கள் வொலட்டின் பொது முகவரிகூடத் தேவைப்படாது. மீட்புச் சொற்களை எனக்கும் அனுப்ப வேண்டாம்.